கூண்டு ஏத்தியாச்சு: இணையத்துச் சொற்களும் முத்திரை வசனங்களும் பொருள் தரும் விதம்

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும்போது அதில் ஓர் எழுத்துகூட இருக்காது. கம்பத்தில் சில உருவங்கள் தொங்கும், இரவானால் விளக்குகள் எரியும். ராமேஸ்வரம் பார்க்க வந்தவர் அதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார். கடலுக்குப் போகிறவர் அதைப் பார்த்ததும் படகை இழுத்துக் கட்டக் கிளம்புவார். கூண்டுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. 1 என்றால் தூரக்கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது. 3 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசலாம். 10 என்றால் பெரும் அபாயம். 11 கொஞ்சம் வேடிக்கையானது. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

பாம்பனில் ஒரு வீட்டில் அப்பா காலையிலிருந்தே முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியே போயிருக்கும் அக்காவுக்குத் தம்பி வாட்ஸ்அப்பில் "மூணாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சு" என்று அனுப்புகிறான். அக்காவுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். அதே வரியைத் திருப்பூரில் இருக்கும் நண்பனுக்கு அனுப்பினால் "எங்கடா புயல்?" என்று பதில் வரும்.

'தரமான சம்பவம்', 'ஆணி', 'உருட்டு', 'பூமர் அங்கிள்' என்று கைப்பேசியில் தினமும் கண்ணில் படுகிற சொற்கள் எல்லாம் வேலை செய்வது இந்த விதத்தில்தான். சொல் என்பது மேலே தொங்கும் கூண்டு. அதன் பொருள், பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் முன்பே தெரிந்த காற்றிலும் மழையிலும் இருக்கிறது. "அகராதியில் தேடினேன், இல்லை" என்ற குழப்பமும் "தமிழைக் கெடுக்கிறார்கள்" என்ற கோபமும் கூண்டை மட்டும் பார்ப்பதால் வருபவை.

எல்லாம் ஒரே கூடை மீன் இல்லை

இந்தச் சொற்களைப் பற்றிய பேச்சு குழம்பிப் போவதற்கு முதல் காரணம், புரியாத எதையும் 'ஸ்லாங்' என்று ஒரே கூடையில் கொட்டுவது. ஏலக்கரையில் நகரை மீனையும் பாறை மீனையும் கலந்து கொட்டினால் விலை சொல்ல முடியுமா? முதலில் பிரித்துப் போடுவோம்.

ஓர் ஊருக்கோ பகுதிக்கோ உரிய பேச்சு வட்டார வழக்கு. கீழக்கரையில் 'காக்கா' என்றால் அண்ணன். வெளியூர்க்காரருக்கு அது கூரையில் உட்காரும் பறவை. இதில் விளையாட்டோ நாகரிகமோ எதுவும் இல்லை. பிறந்ததிலிருந்து வீட்டில் கேட்டு வளர்ந்த சொல், அவ்வளவுதான்.

ஒரு வேலையைச் செய்கிறவர்களின் சொல் தொழிற்சொல். தங்கச்சிமடத்தில் கரையேறியவரிடம் "பாடு எப்படிண்ணே?" என்று கேட்டால் வலையில் எவ்வளவு மீன் பட்டது என்று கேட்பதாகப் பொருள். உள்நாட்டுக்காரர் காதில் அது 'என்ன கஷ்டப்பட்டீர்கள்' என்பதுபோல் விழும். (மீன் படாத நாளில் இரண்டும் ஒன்றுதான்.)

தங்கள் கூட்டத்துக்கு வெளியே இருப்பவருக்குப் புரியக்கூடாது என்றே வைத்துக்கொள்ளும் சொல் குழூஉக்குறி. பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது, யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பது. சுமார் 800 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த இலக்கணம் குழூஉக்குறியை இடக்கரடக்கல் (சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் சொல்வது), மங்கலம் (மங்கலமில்லாததை மங்கலமாகச் சொல்வது) ஆகியவற்றோடு சேர்த்துத் 'தகுதி வழக்கு' என்ற தலைப்பில் வைத்தது. கெட்ட பழக்கம் என்று ஒதுக்கவில்லை. தமிழைக் காக்க வாளெடுப்பவர்கள் முதலில் இந்த நூற்பாவைப் பார்த்துவிட்டு வரலாம்.

ஸ்லாங் என்பது குழூஉக்குறிக்குத் தம்பி முறை. மறைப்பதற்காகப் பிறந்ததல்ல, 'நாமெல்லாம் ஒரு செட்டு' என்று காட்டிக்கொள்வதற்காகப் பிறந்தது. 'கெத்து', 'மொக்கை', 'செம', 'வேற லெவல்' எல்லாம் இந்த வகை. பெரும்பாலும் வயதும் காலமும் இதன் எல்லைகள்.

முத்திரை வசனம் என்பது ஒரு குறிப்பிட்ட ஆள், ஒரு குறிப்பிட்ட காட்சியில் சொல்லி, பிறகு ஊரே எடுத்துக்கொண்ட தொடர். கதாநாயகன் சொன்னால் பஞ்ச் டயலாக் என்கிறோம், வடிவேலு சொன்னால் காமெடி என்கிறோம். இயங்கும் விதம் ஒன்றே.

கடைசியாக மீம். படம் போட்டு எழுத்து ஒட்டினால்தான் மீம் என்று பலர் நினைக்கிறார்கள். 1976இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற உயிரியலாளர் இந்தச் சொல்லை உண்டாக்கியபோது இணையம் பொதுமக்கள் கையில் இல்லை. ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்வதால் தலைக்குத் தலை பரவும் எதுவும் அவருக்கு மீம்தான், அது மெட்டாக இருக்கலாம், உடுப்பாக இருக்கலாம், ஒரு பேச்சாகவும் இருக்கலாம். படத்தோடு வருவது அதில் ஒரு வகை.

இதுவரை பார்த்தது: ஊரால் வருவது வட்டார வழக்கு, வேலையால் வருவது தொழிற்சொல், மறைக்க வருவது குழூஉக்குறி, சேர்ந்து நிற்க வருவது ஸ்லாங், காட்சியிலிருந்து கழன்று வருவது முத்திரை வசனம். பரவும்போது இவை எல்லாமே மீம்தான்.

வசனம் படத்திலிருந்து எப்படிக் கழல்கிறது

ஒரு படத்தில் ஆயிரம் வரி பேசுகிறார்கள். அதில் ஒன்றுதான் தெருவுக்கு வருகிறது. எந்த ஒன்று?

முதலில், அந்தக் காட்சியின் நிலைமை எல்லார் வாழ்க்கையிலும் திரும்பத் திரும்ப வர வேண்டும். 1977இல் வந்த 'பதினாறு வயதினிலே' படத்தில் கவுண்டமணி சொன்ன "பத்த வச்சிட்டியே பரட்ட" இன்னும் உயிரோடு இருக்கிறது. காரணம், இரண்டு பேருக்கு நடுவே மூட்டிவிடும் ஆள் இல்லாத ஊர் இல்லை. அதே படத்தில் ரஜினி சொன்ன "இது எப்படி இருக்கு?" என்பதும் அப்படியே. எதையாவது செய்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கேட்காதவர் யார்?

அடுத்தது காது. வரி வாயில் உருள வேண்டும். "பத்த வச்சிட்டியே பரட்ட"வில் இரண்டு இடத்தில் 'ப' முட்டுகிறது. பாட்டில் மோனை என்று சொல்கிறோமே, அதே சங்கதி. "நீ சண்டை மூட்டிவிட்டாய், பரட்டை" என்று மாற்றிப் பாருங்கள். பொருள் அதேதான். யாரும் திரும்பச் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது, பலரும் கவனிக்காதது: வரியில் ஒரு காலி இடம் இருக்க வேண்டும். 1994இல் வந்த 'நாட்டாமை' படத்து "நாட்டாமை, தீர்ப்ப மாத்திச் சொல்லு" என்ற வரியில் நாட்டாமையை எடுத்துவிட்டு அம்பயரைப் போடலாம், வாத்தியாரைப் போடலாம், மீன் எடை போடுகிறவரைப் போடலாம். 1995இன் 'பாட்ஷா'வில் வரும் "நான் ஒரு தடவ சொன்னா நூறு தடவ சொன்ன மாதிரி"யில் 'சொன்னா' இருக்கும் இடத்தில் எந்த வினையையும் செருகலாம். இப்படிச் சட்டம் நிலையாக இருந்து நடுவில் உள்ளதை மட்டும் மாற்றிக்கொள்ள வசதியான வடிவத்துக்கு டெம்ப்ளேட் என்று பெயர். இது இணையம் கொண்டுவந்த புதுமை இல்லை. 1965இன் 'திருவிளையாடல்' படத்தில் தருமி கேட்கும் "பிரிக்க முடியாதது என்னவோ?" வகைக் கேள்வி பதில்களை எத்தனை கல்லூரி விழா மேடைகள் எடுத்து ஓட்டியிருக்கின்றன! அப்போது கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கதை வசனம் ஓடியது. இப்போது ரீல்ஸில் ஓடுகிறது.

முத்திரை வசனங்களில் ஏன் நகைச்சுவைக் காட்சிகளின் பங்கு இவ்வளவு அதிகம்? பலர் இதை நடிகரின் திறமை என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறார்கள். திறமை உண்மைதான், ஆனால் கட்டமைப்பும் ஒரு காரணம். நம் படங்களில் நகைச்சுவை பெரும்பாலும் தனிக் கதையாக, பிரதான கதையோடு மெல்லிய நூலில் தொங்கும். வெட்டி எடுத்தால் ரத்தம் வராது. ஆதித்யா, சிரிப்பொலி மாதிரி நகைச்சுவைச் சேனல்கள் அந்தத் துண்டுகளை நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் போட்டன. முழுப் படத்தைப் பார்க்காதவருக்கும் காட்சி மனப்பாடம் ஆனது. மீம் போடுகிறவர்களுக்கு வேண்டிய 'எல்லாருக்கும் தெரிந்த புயல்' இப்படித்தான் சேமிப்பில் சேர்ந்தது.

ஒரு சுத்தியலும் ஓர் உலகமும்

2019 மே மாதக் கடைசியில் நடந்ததை இதற்குச் செயல்முறை விளக்கம் என்றே சொல்லலாம். பாகிஸ்தானைச் சேர்ந்த, கட்டடப் பொறியியல் சார்ந்த முகநூல் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. ஒரு தமிழர் 'சுத்தியல்' என்று பதில் எழுதி, இதனால்தான் ஜமீன் பங்களாவில் பெயின்டர் நேசமணியின் தலை உடைந்தது என்று வருத்தத்தோடு சேர்த்தார். இன்னொருவர் "இப்போது எப்படி இருக்கிறார்?" என்று நலம் விசாரித்தார். கொஞ்ச நேரத்தில் 'பிரே ஃபார் நேசமணி' என்ற ஹேஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் டிரெண்டிங் ஆனது. ஹேஷ்டேக் என்பது ஒரே பேச்சைச் சேர்ந்த பதிவுகளை ஒரு கயிற்றில் கட்டும் குறி. டிரெண்டிங் என்பது குறுகிய நேரத்தில் ஒரு பேச்சு வழக்கத்தைவிடத் திடீரென்று ஏறுவது.

நேசமணி யார்? 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு ஏற்ற பெயின்டிங் காண்ட்ராக்டர் பாத்திரம். அவர் தலையில் சுத்தியல் விழுந்து அப்போது 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. வேறு மொழிக்காரர்கள் யாரோ பெரிய மனிதருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து உண்மையாகவே விசாரித்தார்கள். அதுதான் இதில் உச்சம். கூண்டு மட்டும் உலகத்துக்கு எல்லாம் தெரிந்தது, அதன் பின்னால் இருந்த காற்று தமிழ் பேசுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்தது. சிரிப்பு அந்த இடைவெளியில் பிறந்தது.

புயல் போன பிறகும் கூண்டு

அதே 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் "தேவையில்லாத ஆணி" என்று ஒரு பேச்சு வரும். நீ புடுங்குவது எல்லாமே தேவையில்லாத ஆணிதான், ஆணியே புடுங்க வேண்டாம் என்று முடியும். இந்த வரி மூன்று படிகளில் உருமாறியது. முதலில் காட்சியை நினைத்துச் சிரிப்பதற்காகச் சொன்னார்கள். பிறகு வீணாக வேலை செய்கிறவரை "நீ ஆணியே புடுங்க வேணாம்" என்று ஓட்டினார்கள். கடைசியில் 'ஆணி' என்றாலே அலுவலக வேலை என்றாகிவிட்டது. "இன்னைக்கு ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி" என்கிறவருக்கு அந்தப் படமே தெரியாமல் இருக்கலாம். முத்திரை வசனம் தன் காட்சியை உதறிவிட்டு வெறும் ஸ்லாங் ஆகும் இடம் இதுதான்.

கழலும்போது வரி சற்றே உடைவதும் உண்டு. 2005இன் 'சந்திரமுகி'யில் பிரபு சொன்னது "என்ன கொடுமை சரவணன் இது". சரவணன் அந்தப் படத்தில் ரஜினியின் பெயர். 2007இன் 'சென்னை 600028'இல் பிரேம்ஜி வாயில் அது "என்ன கொடுமை சார் இது" ஆனது. ஊரில் நின்றது இரண்டாவதுதான். சரவணனிடம் மட்டும் சொல்ல முடிந்ததை இப்போது யாரிடமும் சொல்லலாமே. காலி இடம் என்று மேலே சொன்னதன் பலன்.

'சம்பவம்' போன பாதை இன்னும் வளைந்தது. செய்தித்தாளில் "சம்பவ இடத்துக்கு விரைந்த போலீசார்" என்று சப்பென்று கிடந்த சொல் அது. ரவுடிப் பேச்சில் 'சம்பவம் பண்ணுவது' என்றால் ஆளைத் தாக்குவது. 2019 பொங்கலுக்கு வந்த 'பேட்ட'யில் ரஜினி "சிறப்பான, தரமான சம்பவங்களை" இனிமேல்தான் பார்க்கப்போகிறாய் என்று சொன்ன பிறகு, அது அசத்தலான வெற்றி என்ற பொருளிலும் ஓடத் தொடங்கியது. நல்ல மதிப்பெண் வாங்கினாலும் சம்பவம், கிரிக்கெட்டில் ஆறு ஆறாக அடித்தாலும் சம்பவம். ஆனால் பழைய பொருள்கள் சாகவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

சுருக்கமாக: காட்சி, பிறகு கிண்டல், பிறகு தனிச்சொல் என்று படி ஏறுகிறது. ஒவ்வொரு படியிலும் பழைய பொருள் கொஞ்சம் தேய்கிறது, முழுதாக அழிவதில்லை.

வெளியூரிலிருந்து கரை ஒதுங்கியவை

ஆங்கிலத்திலிருந்து வரும் ஸ்லாங் அப்படியே வந்து உட்காருவதில்லை. அமெரிக்காவில் 1946 முதல் 1964 வரை பிறந்த தலைமுறைக்கு பூமர் என்று பெயர். இளையவர்கள் அவர்களின் அறிவுரையை 'ஓகே பூமர்' என்று வெட்டிவிடுவது 2019இல் பரவியது. தமிழுக்கு வந்தபோது பிறந்த ஆண்டு கழன்று விழுந்தது, அறிவுரை மட்டும் ஒட்டிக்கொண்டது. முப்பது வயதுக்காரர் "அந்தக் காலத்துல நாங்கல்லாம்..." என்று தொடங்கினாலே அவர் பூமர் அங்கிள். கணக்குப் பார்த்து "நான் 1988ல பொறந்தவன், நான் எப்படி பூமர்?" என்று வாதாடுவதுதான் பூமரின் முழு அடையாளம் என்பது வேறு விஷயம்.

சிலவற்றுக்குப் பொருளே கிடையாது. 2025இல் பிள்ளைகள் கையை மேலும் கீழும் ஆட்டி 'சிக்ஸ் செவன்' என்று கத்தினார்கள். ஸ்க்ரில்லா என்ற அமெரிக்க ராப் பாடகரின் பாட்டிலிருந்து கிளம்பியது. டிக்‌ஷனரி டாட் காம் அதை அந்த ஆண்டின் சொல்லாகவே தேர்ந்தெடுத்தது. என்ன அர்த்தம் என்று பெரியவர்கள் கேட்க, பிள்ளைகள் சிரிக்க, அந்தக் கேள்விதான் விளையாட்டு. அர்த்தம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

புரியாத சொல் வந்தால்

முதலில் சொல்லைப் பார்க்காமல் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். குடும்பக் குழுவில் சித்தப்பா ஒரு மூலிகை வைத்தியச் செய்தியை ஃபார்வர்டு செய்கிறார், பின்னாலேயே மருமகன் 'நல்ல உருட்டு' என்கிறான். வரிசையே பொருளைச் சொல்லிவிடும்: ஆதாரமில்லாத கதை. அடுத்து, யார் யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். நண்பன் நண்பனைச் சொன்னால் கிண்டல். அதே சொல் முகம் தெரியாதவரிடமிருந்து வந்தால் வசையாகவும் இருக்கலாம். பிறகு அந்த இடத்தில் ஒரு சாதாரணச் சொல்லைப் போட்டு வாசியுங்கள். 'நல்ல கற்பனை' என்று போட்டால் வரி ஓடுகிறதா? ஓடினால் பொருள் கிட்டத்தட்ட பிடிபட்டது. ஒரே இடத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம், வெவ்வேறு ஆட்கள் வாயில் இரண்டு மூன்று முறை பார்த்த பிறகு உறுதிசெய்துகொள்ளுங்கள். பாராட்டுப் போலவே இருக்கும் கிண்டல்கள் முதல் பார்வையில் ஏமாற்றும்.

கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் குழுவில் கேட்காமல் ஒரு ஆளிடம் தனியாகக் கேளுங்கள். குழுவில் கேட்டால் விளக்கம் வராது, இன்னொரு மீம் வரும்.

எங்கே சறுக்கும்

இந்தக் கடற்கரையில் முதலில் சொல்ல வேண்டியது 'சம்பவம்'தான். விசைப்படகுகள் கடலில் இருக்கும் இரவில், "கடல்ல தரமான சம்பவம்" என்று ஒருவர் ஸ்டேட்டஸ் போடுகிறார். அவர் சொல்ல வந்தது நல்ல பாடு. கரையில் காத்திருக்கும் வீட்டுக்காரர்கள் அதைப் படிப்பது கைது, மோதல், கவிழ்ந்த படகு என்ற பயத்தோடு. எழுதியவருக்குப் புதுப் பொருள், படித்தவருக்குப் பழைய பொருள். ஆபத்து, வானிலை, மருத்துவம், இரங்கல் ஆகிய நான்கிலும் ஸ்லாங் வேண்டாம். நிஜக் கூண்டு ஏறியிருக்கும் நாளில் விளையாட்டுக் கூண்டைப் பற்றிப் பேசுவதும் வேண்டாம்.

எழுத்தில் குரல் இல்லை என்பது அடுத்த சறுக்கல். "அடடா, அறிவாளி" என்பதை வாயால் சொன்னால் இழுப்பிலேயே கிண்டல் தெரியும். எழுத்தில் அது பாராட்டாகவே போய்ச் சேரும். சிரிப்புப் பொம்மையை ஒட்டுவது அலங்காரத்துக்காக அல்ல, அந்த இழுப்பை ஈடுகட்டத்தான்.

இன்னொன்று, பெயர் மாறி ஒட்டுவது. ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் பிள்ளைகளிடம் கனவு காணச் சொன்னது எல்லாருக்கும் தெரியும். அந்தப் புகழே ஒரு வினையும் ஆனது. யாரோ எழுதிய எந்த வரிக்கும் பக்கத்தில் அவர் படத்தை வைத்தால் நம்பிவிடுகிறார்கள். முத்திரை வசனம் காட்சியிலிருந்து கழல்வதற்கு இது நேர் எதிர்: ஆளில்லாத வரிக்கு ஓர் ஆளைத் தேடிக் கட்டுவது. படத்தோடு வரும் பொன்மொழியை, அவர் எங்கே, எப்போது சொன்னார் என்ற குறிப்பு இல்லாவிட்டால் அவர் சொன்னதாக அனுப்பாமல் இருப்பதே நல்லது.

நீங்களே ஒன்று உண்டாக்க நினைத்தால், கேட்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண் கைப்பேசியை அணைக்கும் முன் "இன்னையிலிருந்து தடைக்காலம்" என்று ஸ்டேட்டஸ் போட்டால், தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எல்லாருக்கும் புரியும். சிறியது, திரும்பத் திரும்ப வரும் நிலைமை, வேறு எதற்கும் மாற்றிப் போடலாம். மூன்றும் இருக்கின்றன. ஆனால் அதை நீங்களே விளக்கத் தொடங்கினால் அங்கேயே செத்துவிடும்.

எது கரையேறும்

பெரும்பாலானவை சீக்கிரம் சாகும். அதிகம் பேர் சொல்லத் தொடங்கினால் 'நாமெல்லாம் ஒரு செட்டு' என்று காட்டும் வேலை போய்விடுகிறது. அப்பாவும் வாத்தியாரும் 'வேற லெவல்' என்று சொன்ன அன்றே பிள்ளைகள் அடுத்த சொல்லுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். விளம்பரப் பலகையில் ஏறியது என்றால் ஏறத்தாழ கதை முடிந்தது. கெத்துக் காட்டும் வேலையைத் தவிர அன்றாடத்தில் வேறு வேலையும் கிடைத்த சொல் மட்டும் பிழைக்கிறது. 1839இல் பாஸ்டன் நகரத்துச் செய்தித்தாள் ஒன்று, 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுத்துக்கூட்டி, அதன் முதலெழுத்துகளை மட்டும் சுருக்கிப் போட்டது. அந்தக் காலத்து இளவட்டங்களின் சுருக்கெழுத்து விளையாட்டு அது. கூடப் பிறந்த சுருக்கங்கள் எல்லாம் ஒழிந்தன. இது மட்டும் தப்பியது, ஏனென்றால் 'சரி' என்று சொல்ல வேண்டிய நேரம் எல்லாருக்கும் தினம் பத்துத் தடவை வருகிறது. பாம்பன் பாலத்தடியில் வலையைப் படகில் ஏற்றிக்கொண்டே ஒருவர் கைப்பேசியில் "ஓகேண்ணே, ஓகே" என்று சொல்லி வைக்கிறாரே, அந்தச் சொல்தான்.